மேஸ்திரி பாபிலோன் ராஜாவான புத்தாண்டு

ரங்கூனில் என்னைப் பஸ்ராக்காரன் என்றுதான் சொல்வார்கள். பஸ்ராவுக்கு முன்பு கொழும்பிலும் பினாங்கிலும் இருந்திருக்கிறேன். அந்தப் பெயர்கள் ஏனோ என் மேல் ஒட்டவில்லை. ஜெர்மன் சண்டைக்கு மூட்டை சுமக்கும் கூலிப்படையில் ஆள் எடுத்தபோது பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினேன். சண்டை முடிந்ததும் ஊர் திரும்பாமல், பாலைவனத்தில் பழைய மண்மேடுகளைத் தோண்டிய வெள்ளைக்காரர்களிடம் கூடை சுமக்கச் சேர்ந்துகொண்டேன். உதடு வெடித்தது, கண் வீங்கியது, ஒரு தரம் சுவர் சரிந்து இடுப்புவரை புதைந்தேன். இழுத்து எடுத்துவிட்டார்கள். மற்றபடி வேலை மோசமில்லை.

அங்கே களிமண் எழுத்தைப் படிக்கத் தெரிந்த துரை ஒருவர் இருந்தார். அவர் சாப்பாட்டு மேசையில் பேசுவதை எங்கள் மதராஸ் சமையல்காரர் கேட்டுக்கொண்டு வந்து, பாத்திரம் கழுவும்போது எனக்குச் சொல்வார். நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். எனக்குத் தெரிந்த பாபிலோன் முழுவதும் சமையலறை வழியாகத்தான் வந்தது.

ரங்கூனில் எங்கள் கூலி லைன் சூலே பகோடாவுக்கும் ஆற்றுக்கும் நடுவே, ஒரு கிடங்குக்கு மாடியில் இருந்தது. நீளமான கூடம், வரிசையாகப் பாய்கள். பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் இரவு வேலைக்காரன் படுப்பான். பாய் ஆறி நான் பார்த்ததில்லை. சாப்பிட்டு முடித்தால் கதை கேட்பார்கள். பாபிலோன் கோபுரம் எத்தனை அடுக்கு, தெருச் சுவரில் சிங்கம் எப்படி இருந்தது என்று நான் ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். அவர்கள் கேட்டது வேறு. கூலிக்காரனுக்கு என்ன கொடுத்தார்கள்? வாற்கோதுமை, எண்ணெய், ஆட்டுமயிர் என்றேன். குடிக்க? வாற்கோதுமையை ஊறவைத்து நொதித்த கள், அதைக் கடை போட்டு விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்றேன். ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நாணல் குழாயால் உறிஞ்சுவார்களாம் என்றதும், மேல் பர்மாவில் மரம் அறுத்துவிட்டு வந்த ஒருவர் மலைக்காரர்கள் இன்றைக்கும் அப்படித்தான் குடிக்கிறார்கள் என்று சத்தியம் செய்தார். அன்றிலிருந்து பாபிலோன் எங்களுக்கு ஓர் ஆறு தள்ளி இருக்கிற ஊர் மாதிரி ஆகிவிட்டது.

எல்லோருக்கும் பிடித்தது ஒரு சட்டம். கட்டின வீடு இடிந்து விழுந்து வீட்டுக்காரன் செத்தால், கட்டினவனுக்கு மரண தண்டனை. எங்கள் கூரை மழைக்காலத்தில் பதினெட்டு இடத்தில் ஒழுகும். அந்தச் சட்டத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

லைனுக்கும் கூலிகளுக்கும் எங்கள் மேஸ்திரிதான் எல்லாம். மூட்டையோடு கப்பல் பலகையிலிருந்து விழுந்தவனைத் தன் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதே ஆள் கோபம் வந்தால் யோசிக்கமாட்டார். முதலில் கை கன்னத்துக்கு வரும், அப்புறம்தான் விஷயம் என்னவென்று வாய் சொல்லும். லைனில் அவர் கை படாத கன்னம் கிடையாது. என்னுடையதும் சேர்த்துத்தான்.

அவருக்கு நாடகப் பித்து உண்டு. சித்திரை முதல் தேதி பர்மாக்காரர்கள் தெருவில் தண்ணீர் ஊற்றி விளையாடும்போது, நாங்கள் கிடங்கு முற்றத்தில் நாடகம் போடுவோம். திரைக்கும் விளக்குக்கும் செலவு அவருடையது. அதனால் ராஜா வேஷமும் அவருடையதுதான். ஆனால் வழக்கமான நாடகங்களில் எல்லா ராஜாவும் நாட்டை இழந்து காட்டுக்குப் போனான். மேஸ்திரிக்கு அது அலுத்துவிட்டது. கடைசி வரை ராஜாவாகவே இருக்கிற ஒரு ராஜா வேண்டும் என்று என்னிடம் கேட்டார். செங்கல்லுக்குச் செங்கல் தன் பெயரைக் குத்திவைத்த பாபிலோன் ராஜாவைச் சொன்னேன். அவருக்குக் கண் விரிந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

பாட்டு எழுதினவர் மிஷன் பள்ளியில் படித்த ஒரு கிறிஸ்தவக் குமாஸ்தா. வேதத்தில் வருகிற பாபிலோன் அவருக்குத் தெரியும், அதில் ராஜாக்கள் நன்றாக இருப்பதில்லை. பஸ்ராக்காரன் சொல்வதை எழுதித் தந்தால் போதும் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொன்னார். எனக்குக் கட்டியக்காரன் வேஷம். பாபிலோன் பெரிய கோயில் பூசாரியாக மேஸ்திரி தானே விரல் நீட்டி ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தார். அவர் என் பக்கத்துப் பாய்க்காரர். அரிசி மூட்டை தூக்குகிறவர். உடம்பு நோஞ்சானாக இருந்தாலும் குரல் கணீரென்று இருக்கும்.

அந்தப் பக்கத்துப் பாய்க்காரருக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான். கூடத்தின் கோடியில் பலகை அடித்த ஒரு மூலைத் தடுப்பு இருந்தது. ஒரு ஜன்னல், அடுப்பு வைக்க இடம், குடும்பத்தோடு இருக்கலாம். அதிலிருந்தவர் ஊருக்குப் போய்விட்டார். இவர் மனைவி ஊரில் தனியாகிவிட்டாள். அவள் தங்கியிருந்த அண்ணன் வீட்டார் மலாய்த் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். வைகாசிக் கப்பலில் அவளை வரச் சொல்லியாகிவிட்டது. மேஸ்திரி தடுப்பைத் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் “பாக்கலாம்டா” என்றார். அறுபது ஆண்கள் படுக்கிற கூடத்தில் ஒரு பெண்ணை எங்கே படுக்கவைப்பது?

ஒத்திகை ஊர்வலம்வரை நன்றாக நடந்தது. கப்பல் கயிற்றைப் பிரித்து, எண்ணெய் தடவி, சுருள் சுருளாகத் தாடி செய்தோம். மேஸ்திரிக்கு அது அபாரமாகப் பொருந்தியது. அப்புறம் குமாஸ்தா, பாபிலோனிலும் வருஷப் பிறப்பு வசந்தத்தில்தானே, அன்றைக்கு ராஜா என்ன செய்வார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ராஜா கோயிலுக்குள் தனியாகப் போவார். பூசாரி அவருடைய மகுடத்தையும் செங்கோலையும் வாங்கிச் சாமி முன்னால் வைத்துவிட்டு, திரும்பி வந்து கன்னத்தில் ஓர் அடி அடிப்பார். காதைப் பிடித்து மண்டியிட வைப்பார். நான் தப்புச் செய்யவில்லை, என் குடிகளின் கன்னத்தில் கை ஓங்கவில்லை என்று ராஜா சொல்ல வேண்டும். பிறகு மகுடம் திரும்பக் கிடைக்கும். அதோடு இன்னொரு அடியும் கிடைக்கும். அந்த அடியில் ராஜாவுக்குக் கண்ணீர் வந்தால் வருஷம் நல்ல வருஷம். வராவிட்டால் சாமிக்குக் கோபம்.

பக்கத்துப் பாய்க்காரர் மெல்ல எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

“ராஜாவையா?” என்றார் மேஸ்திரி.

“ராஜாவத்தான்.”

“எதுக்கு?”

“ராஜாவும் சாமிக்கு வேலைக்காரன்னு வருஷத்துக்கு ஒரு தரம் ஞாபகம் வரணுமாம்.”

மேஸ்திரி தாடியை நீவிக்கொண்டார். அந்தக் காட்சி போயிற்று என்று குமாஸ்தா தாளை மடிக்க ஆரம்பித்தார்.

“அப்ப, என் கண்ணீருலதான் ஊரே பொழைக்குதுன்னு சொல்லு,” என்றார் மேஸ்திரி.

நான் அப்படி நினைத்ததில்லை. ஆனால் ஆமாம் என்றேன். காட்சி தங்கிவிட்டது.

பக்கத்துப் பாய்க்காரருக்குத்தான் தூக்கம் போயிற்று. “அண்ணே, மெதுவா அடிச்சா சனம் சிரிக்கும். பலமா அடிச்சா மூலை போயிரும். நான் என்ன பண்ணட்டும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். செங்கோலில் சுற்றிய துணிக்குள் அரை வெங்காயத்தை வைப்பது. மேஸ்திரி துணியால் முகத்தைத் துடைத்தால் கண்ணீர் தானே வரும், இவர் பூப்போலத் தொட்டால் போதும். மேஸ்திரியும் ஒத்துக்கொண்டார். ஒத்திகை முழுவதும் வெங்காயம் ஒழுங்காக வேலை செய்தது.

சித்திரை முதல் தேதி சாயங்காலம் முற்றம் நிறைந்துவிட்டது. எங்கள் லைன், பக்கத்து லைன்கள், தண்ணீர் விளையாடி நனைந்த லுங்கியோடு பர்மாக்காரர்கள், முன் வரிசையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கிற அம்மாள் தன் பானையோடு. நான் கட்டியக்காரனாக வந்து, இன்று ராஜா கண்ணில் நீர் வராவிட்டால் இந்த வருஷம் ஆற்றில் கப்பல் வராது, அரிசி ஏறாது, கூலி கிடையாது என்று முழக்கினேன். கொஞ்சம் காரம் இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஜனங்கள் சிரிக்கவில்லை. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் பர்மா பாஷையில் மொஹிங்கா அம்மாளுக்கு எடுத்துச் சொல்ல, அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மேடையையே பார்க்க ஆரம்பித்தாள்.

முதல் அடி ஈ உட்கார்ந்த மாதிரி விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. மேஸ்திரி மண்டியிட்டு, அடித் தொண்டையிலிருந்து வசனத்தை எடுத்தார். நான் கோயிலை மறந்ததில்லை. நகரத்தைக் கெடுத்ததில்லை. என் குடிகளின் கன்னத்தில் கை ஓங்கியதில்லை.

பின்வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அவ்வளவுதான். எங்கள் லைன் மொத்தமும் சிரிக்க ஆரம்பித்தது. பக்கத்து லைன்களுக்கும் சங்கதி தெரியும், அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிரித்து ஓய்ந்தவர்கள் அவரவர் கன்னத்தைத் தடவிக் காட்டிக்கொண்டு மறுபடி சிரித்தார்கள். மேஸ்திரி ஒரு தரம் ஜனங்களைப் பார்த்தார், ஒரு தரம் என்னைப் பார்த்தார். தாடிக்கு மேல் தெரிந்த முகம் சிவந்துவிட்டது. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ராஜா எழுந்து போக முடியாது.

பூசாரி மகுடத்தை வைத்தார், செங்கோலைக் கையில் கொடுத்தார், இரண்டாவது அடியைத் தொட்டுவைத்தார். மேஸ்திரி துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கண் காய்ந்தே இருந்தது. வெங்காயத்தைக் காலையிலேயே அரிந்து வைத்தது நான்தான். வெயிலில் வதங்கிவிட்டது.

சிரிப்பு நின்றது. “வரலியே,” என்றார் ஒருவர். “கண்ணு காஞ்சு கெடக்கே.” இப்போது யாருக்கும் அது நாடகமாக இல்லை. கப்பல் வராத வருஷம் எப்படியிருக்கும் என்று அந்த முற்றத்தில் எல்லோருக்கும் தெரியும். பூசாரி இன்னொரு தரம் தொட்டார். ஒன்றும் வரவில்லை. மொஹிங்கா அம்மாள் தன் கன்னத்தில் தானே பட்டென்று தட்டி, இப்படி அடி என்று காட்டினாள்.

மேஸ்திரி உதடு அசையாமல் சொன்னார். “நல்லா அடிடா. வருசம் போவுது.”

பூசாரி குனிந்தார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. “அந்த மூலை எனக்குத்தானே, மேஸ்திரி?”

நான் அப்படியொரு துணிச்சலை அந்த நோஞ்சான் உடம்பில் எதிர்பார்க்கவில்லை. மேஸ்திரியும் எதிர்பார்க்கவில்லை. கையில் காய்ந்த வெங்காயம், எதிரே முந்நூறு முகம்.

“உனக்குத்தாண்டா. அடி.”

ராஜா வாயைத் திறந்தால் உலகுக்குச் சொல்வது கட்டியக்காரன் கடமை. நான் கோலைத் தட்டி, கோடி மூலைத் தடுப்பு இன்று முதல் பூசாரிக்கே உரியது என்று பாபிலோன் மகாராஜா திருவாய் மலர்ந்தருளினார் என்று முற்றம் முழுக்கக் கேட்கக் கூவினேன். எங்கள் லைன் ஆரவாரம் செய்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அடி விழுந்தது.

நான் பார்த்த அடிகளில் அது நல்ல அடி. மகுடம் கழன்று மொஹிங்காப் பானை பக்கம் உருண்டது. தாடி ஒரு பக்கம் தொங்கியது. மேஸ்திரியின் இரண்டு கண்ணிலிருந்தும் நீர் பொலபொலவென்று கொட்டியது. ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். நனைந்த பர்மாப் பையன்கள் சந்தோஷத்தில் வாளித் தண்ணீரை மேடைமேல் வீசினார்கள். ராஜா, பூசாரி, நான், எல்லோரும் நனைந்தோம்.

மறுநாள் பக்கத்துப் பாய்க்காரர் துணிமணிகளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், துரத்தினால் போகத் தயாராக. மேஸ்திரி வீங்கின கன்னத்தோடு வந்தார். மூட்டையைப் பார்த்தார். மூலைக்குத்தானே போகிறாய், அதற்குள் கட்டிவிட்டாயா என்று கேட்டுவிட்டுத் தடுப்புக் கதவின் கொண்டியைத் தானே திறந்துவிட்டார். ஊரறியச் சொன்ன வார்த்தையை அவரால் விழுங்க முடியவில்லை என்றார் குமாஸ்தா. இருக்கலாம். ஆனால் அந்த வாரம் ஆற்றில் வரிசையாகக் கப்பல் நின்றது. அரிசி ஏறிக்கொண்டே இருந்தது. என் கண்ணீரில் வந்த கப்பல் என்று மேஸ்திரி கப்பல் துறையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமும் அதே பூசாரிதான் அடிக்க வேண்டும் என்று அப்போதே உத்தரவு போட்டுவிட்டார். அவரை எப்படி வேலையைவிட்டு அனுப்புவது?

கன்னத்தில் அடிக்கிற பழக்கம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. ஆனால் கை உயரும்போது பின்னாலிருந்து யாராவது “மகாராஜா” என்று மெல்ல இழுப்பார்கள். உயர்ந்த கை தலைப்பாகையைச் சரிசெய்யப் போய்விடும். பாதி நாள் இது பலித்தது.

வைகாசியில் அந்தப் பெண் வந்தாள். கப்பல் டெக்கில் கிடந்து வாந்தியெடுத்து, முகம் வெளுத்து, ஒரு தகரப் பெட்டியோடு இறங்கினாள். கணவர் கூட்டத்தில் முண்டிக்கொண்டு போவதற்குள் மேஸ்திரி போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“ஜாக்கிரதையா இரும்மா,” என்றார். “ஒம் புருசனுக்குக் கை ரொம்பக் கனம்.”

அவள், மூச்சிரைக்க வந்து நின்ற கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“இவருக்கா?” என்றாள்.