கம்பியை நீட்டியது நான்தான்

"அன்னைக்கு உங்க சித்தப்பா கம்பி நீட்டினாரே" என்று எங்கள் குடும்பத்தில் யாராவது ஆரம்பித்தால், இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவரா நீட்டினார்? வாய் கூசாமல் சொல்கிறார்களே! அவர் வெளியே நின்று கத்தினார், அவ்வளவுதான். உள்ளே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கண்ணில் துரு கொட்ட, கம்பியை நீட்டியது நான். அது ஏதோ பேச்சு வழக்காம். இருக்கட்டுமே! வழக்குக்காக உண்மை மாறிவிடுமா?

அப்போது நாங்கள் முத்தியால்பேட்டையில் இருந்தோம். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பிரான்சுக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர், முசே என்போம், தம்முடைய பழைய பந்தய மோட்டாரை அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். சிவப்பு வண்டி, கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். தம் அண்ணன் எதிரில் சித்தப்பா வாயைத் திறக்க மாட்டார். அண்ணன் அந்தப் பக்கம் போனதும் வண்டியிடம் போய்ப் பேசுவார்.

ஒரு சனிக்கிழமை அந்த வண்டி காலை வாரியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கால் சும்மா கீழே போனது, இன்ஜின் அசையவில்லை. மிதியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கம்பி அறுந்துவிட்டது. சித்தப்பா சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று வாங்கி வந்துவிட்டார். மாட்டுவதுதான் எப்படி என்று தெரியவில்லை. பெட்ரோல் தொட்டி, மீட்டர்கள் இருக்கும் முன்பலகைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தது. அதற்கும் பின்னால் போய், ஒரு பொத்தல் வழியாக இன்ஜின் பக்கம் நுழைய வேண்டும் அந்தக் கம்பி. ஆம்பிளைக் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. தொட்டியைக் கழற்ற வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார் பட்டறைக்காரர்.

மறுநாள் பூசை முடிந்ததும், சித்தப்பாவுக்குப் பெண்ணை நிச்சயம் பண்ண நெல்லித்தோப்பிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை மிடுக்காக வண்டியோட்டிக் காட்டத்தான் தவிக்கிறார் என்று நான் நினைத்தேன்.

"காலைல வண்டி ஓடலன்னா நான் செத்தேன் அண்ணி" என்றார் அம்மாவிடம்.

அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இவ கையி பூந்துடும் தம்பி. இவள வுட்டுப் பாருங்க."

பாவாடை ஓரத்தில் சேறு பட்டாலே முதுகில் வைக்கிற அம்மா அவள்! அன்றைக்குத் தானே எனக்குக் கிழிசல் கவுனை மாட்டி, முழங்கை வரை நல்லெண்ணெய் தடவிவிட்டாள். அப்பா வீட்டில் இல்லை.

நான் சும்மா இறங்குவேனா? "எனக்கு இன்னா குடுப்பீங்க?" என்றேன்.

"பக்கத்து சீட்டுல உன்ன உக்கார வச்சி, கடற்கரையில ரெண்டு சுத்து. நாளைக்கே! மாதா மேல சத்..."

"சத்தியமெல்லாம் வேணாம் தம்பி" என்று அம்மா குறுக்கே விழுந்தாள்.

சீட்டின் மேல் கால்களைப் போட்டு, தலையை மிதிகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். தொட்டிக்கும் தகட்டுக்கும் நடுவில் கையை விட்டதும் தோல் உரிந்தது. கண்ணால் ஒன்றும் தெரியாது, விரல்தான் பார்க்க வேண்டும். அறுந்த முனையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். புதுக் கம்பியில் கிரீஸ் தடவி, அதன் நுனி ஈயக் குண்டை மிதியின் காடியில் மாட்டி, மறு நுனியைத் தள்ளினேன். பொத்தல் அகப்படவே மாட்டேன் என்றது.

"அலே, அலே! நீட்டு பாப்பா! கம்பிய நீட்டு!" என்று முசே மாதிரி பிரெஞ்சும் கலந்து இன்ஜின் பக்கம் நின்று சித்தப்பா கத்தினார். நீட்டினேன். அவர் பிடித்து முறுக்கினார். வண்டி உறுமியது.

அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தும் என் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, தைத்துக் கொடுத்த வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். கோயிலில் இருந்த பெண்களிடமெல்லாம் மோட்டார் சவாரியைச் சொல்லியாகிவிட்டது. வீடு திரும்பினால் வண்டியைக் காணோம். இலவு காத்த கிளி மாதிரி வாசலில் நின்றேன். வண்டிக்குப் பதில் தட்டுகளோடு பெண் வீட்டார் வந்தார்கள். சித்தப்பாவுக்காகக் காத்து காப்பியெல்லாம் ஆறிப் போனது. அப்போதுதான் பால்காரர் வந்து சொன்னார்:

"சின்னவரு வண்டி மூலக்குளம் தாண்டிப் போவுதுங்க. பக்கத்துல ஒரு பொம்பள, முக்காடு போட்டுக்கினு."

என் சீட்டு! என் சீட்டில் எவளோ ஒருத்தி!

பெண்ணின் தாய்மாமன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "அப்ப மாப்ள கம்பி நீட்டிட்டாரு, அப்பிடித்தான?"

சீட்டுதான் போனது. செய்த வேலையுமா போக வேண்டும்?

"அவரு நீட்டல! நான்தான் கம்பிய நீட்டினேன்! வேணும்னா அம்மாவக் கேளுங்க!" என்று கூடத்தின் நடுவில் நின்று கத்தினேன்.

அப்பாவின் பார்வை என்னை விட்டுவிட்டு அம்மா மேல் போய் நின்றது.

"பொய் சொல்றியாடி, பொய்யி?" என்று அம்மா என்னைத் தரதரவென்று அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். விசிறிக் காம்பை எடுத்து ஓங்கி நாலு போடு போட்டாள், தலையணை மேல்.

"அழுடி" என்றாள் மெதுவாக.

"நீ அடிக்கவே இல்லியே, நான் எதுக்கு அழணும்?"

நறுக்கென்று தொடையில் கிள்ளினாள். அப்புறம் அழுகைக்குக் குறைவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சித்தப்பா திரும்பி வந்தார். அன்றைக்கு முக்காட்டோடு பக்கத்து சீட்டில் இருந்தவள் சித்தி. பெண் எடுத்த வீட்டிலேயே இன்னொரு பெண் எடுப்பதில்லை என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றிருந்தாராம். சித்தியை எப்போதும் போலச் சித்தி என்றே கூப்பிட்டேன். கடற்கரைச் சுற்று மட்டும் இன்றுவரை நடக்கவில்லை.

ஆனால் அந்த அறையில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அம்மா குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. பிறகு என் கையை எடுத்து, கிரீஸ் போகாத விரல்களுக்கு ஒவ்வொன்றாக முத்தம் கொடுத்தாள். கிள்ளுவதும் இவள், கொஞ்சுவதும் இவள், இது எந்த ஊர் நியாயம் என்று நான் இன்னும் பலமாக அழுதேன்.