களமும் பத்தாயமும்

எண்பதுகளின் பிற்பாதி. தலத்தெருவில் ஒரு நெல் வியாபாரியிடம் நான் தலைமைக் கணக்கராக இருந்தேன். எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் விற்க பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார்.

“எவ்வளவு மெமரி வேணும் சார்?” என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“இருக்கறதுலயே பெருசா குடுங்க. பத்து வருஷக் கணக்கும் அதுல நிக்கணும்ல,” என்றேன் மிடுக்காக.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “உங்க கணக்கை ஒருதரம் பாத்துடலாமா சார்?” என்று என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார்.

“உங்களுக்கு எந்த ஊருங்க?” என்றார் மெதுவாக.

“நெரவி.”

“நெல்லு அவிச்சுக் களத்துல காயப்போடறப்ப, பத்தாயத்துல இருக்கற அத்தனையுமா எறக்குவீங்க?”

“அன்னைக்குக் காயறது மட்டுந்தான். மழை வந்தா எல்லாம் வீணாப் போயிடுமே.”

“மெமரி அந்தக் களம் மாதிரிதான் சார். கரண்டு போனா அதுல கெடக்கறது போயிடும். பழைய கணக்கெல்லாம் டிஸ்க்குல பத்திரமா இருக்கும். அதுதான் பத்தாயம்.”

“அப்ப ஒரே நேரத்துல பரப்பற அளவுக்கு மெமரி இருந்தாப் போதுமா?”

“அவ்வளவுதான் சார்.”

வெளியே வந்ததும் அவர் முதலாளியிடம், “சார் யோசிச்சுட்டாருங்க. மெமரி நடுத்தரமாப் போதும், டிஸ்க்கைப் பெருசாப் போடலாம்ங்கறாரு,” என்றார். அப்போது என் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்றும் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்கும் முன், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறேன்.