இரத்தினம் பறித்த வில்வம்

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மாலை கட்டும் இரத்தினத்தைத் தெரியாதவர், தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் இல்லை. கலியாணம், சாமத்திய வீடு, செத்த வீடு எதுவானாலும் அவன் கட்டியதுதான் மாலை. பதினெட்டு வருடத்துக்கு முன்பு அவனை ஒரு பூ வாளியோடு என் கடை வாசலில் உட்காரவைத்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கோப்பை கழுவினேன், மூட்டை சுமந்தேன், இன்று இரண்டு கடைக்கு முதலாளி. ஆளைப் பார்த்தவுடன் எடைபோடுவேன். இரத்தினம் பொய் சொல்லமாட்டான், சொன்ன நேரத்துக்கு மாலை தருவான் என்று அன்றைக்கே கண்டுபிடித்தேன்.

அவனுக்கு இருந்தது ஒரே ஆசை, பிரெஞ்சுக் குடியுரிமை. ஒருமுறை கேட்டபோது மொழி போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு மூன்று வருடம் மாலை கட்டிக்கொண்டே படித்தான். முடிச்சுக்கு ஒரு பிரெஞ்சு ஆற்றின் பெயர்: சேன், லுவார், ரோன். போன ஆனியில், குடியுரிமை கொடுக்கும் அரசு அலுவலகமான பிரெபெக்சூரிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை நேர்முகம். இந்த முறையும் விட்டால் இனிக் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அந்த வியாழனுக்கு முந்திய ஞாயிறு ஆனி உத்தரம். ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்கின் பின்பகுதியில் நாங்கள் நடத்தும் சிவன் கோயிலுக்கு வில்வம் கொடுப்பது இரத்தினத்தின் பொறுப்பு. அந்தக் கிழமை விமான நிலையத்தில் வேலைநிறுத்தம், வில்வப் பெட்டி வரவில்லை. நான் சும்மா இருப்பேனா? மரக்கறி கொண்டுபோகும் வழியில், ஒரு பழைய மாளிகையின் தோட்ட மதிலில் பச்சைப்பசேலென்று மூவிலை படர்ந்திருந்ததைக் கண்டு வைத்திருந்தேன். இரத்தினத்தைக் கூட்டிப்போனேன். காவலாளி, வேண்டிய மட்டும் வெட்டிக்கொண்டு போகச் சொன்னான். அவன் கையுறை போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அண்ணை, வில்வம் மரமெல்லோ? இது கொடியாய்க் கிடக்குது."

"குளிர் நாட்டிலை மரமும் மதிலைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கும். மூண்டு இலை இருக்கே? நடு இலைக்கு நீட்டுக் காம்பு இருக்கே? பிறகென்ன, வெட்டு."

இரண்டு பை நிறைய வெட்டினான். ஐயர் பார்த்து, "நல்ல இளசாய் இருக்கு" என்றார். நூற்றெட்டு அர்ச்சனையும் நடந்தது. பிரசாத இலையை ஆண்கள் வலது காதில் செருகினோம், பெண்கள் கொண்டையில் வைத்தார்கள்.

திங்கள் காலை இரத்தினத்தின் முகம் பூசணிக்காய். கண் இரண்டும் கோடு. கையெல்லாம் நீர்க்கொப்புளம். நான் போனபோது அவன் பெண்சாதி ஜெகதீஸ்வரி கதவில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாள் வந்திருக்கிறா அண்ணை. மூண்டு தண்ணி வார்க்குமட்டும் இவர் வாசல் தாண்டப்படாது."

"வியாழக்கிழமை பிரெபெக்சூரடி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மாளைவிடப் பெரியவையோ பிரெபெக்சூர்?"

அவன் மேல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி, வாழையிலையில் கிடத்தினாள். தப்பித்தவறி ஒருவரும் மீன் சமைக்கக்கூடாது என்று மாடிக்கு மாடி போய்ச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சனம் தேசிக்காய் மாலையோடு அம்மாளைக் கும்பிட வந்தது. வந்த ஆண்கள் எல்லோரும் வலது காதைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். கோயிலுக்குத் தவறாமல் வரும் வாமதேவனின் காது அப்பளம் அளவு. பெண்கள் பிடரியைச் சொறிந்தார்கள். என் காதும் கொஞ்சம் வீங்கியிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை.

"அம்மாள் எல்லாரிலும் இறங்கிறா" என்று ஜெகதீஸ்வரி கைகூப்பினாள்.

அப்போது கீழ்மாடி ஜிஸ்லேன் வேப்பம்புகை தாங்காமல் மேலே வந்தார். பாண்டிச்சேரிக்காரி, ஆசுபத்திரியில் தோல் நோய்ப் பிரிவில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர். வரிசையாக எங்கள் காதுகளைப் பார்த்தார்.

"ஏன் எல்லாருக்கும் வலது காது? எடது காது பக்கம் அம்மா வரமாட்டாங்களா?"

பிரசாத விஷயத்தைச் சொன்னேன். மிஞ்சிய இலையைக் காட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"மோன் தியூ! இது பாய்சன் ஐவிங்க. அமெரிக்காக்காரன் கொடி. அழகா இருக்குன்னு பழைய தோட்டத்துல நட்டு வைப்பாங்க. அதோட பால் தோல்ல பட்டா இப்படித்தான் பொங்கும். இது அம்மையும் இல்ல, கொப்புளத் தண்ணியால பரவவும் பரவாது. ஆனா கத்தி, நூலு, சட்டை, கதவுப்பிடின்னு அந்தப் பால் ஒட்டின எடமெல்லாம் சோப்பு போட்டுக் கழுவணும். யாருங்க இத வில்வம்னு சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இரத்தினத்தின் கத்தியைக் கழுவப் போனேன்.

ஜெகதீஸ்வரி எளிதில் விடவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு. வேப்பெண்ணெயை வழித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர்த் துணி போடலாம். கற்றாழைச் சோறு பூசலாம், ஜிஸ்லேனே நல்லது என்றார். டாக்டர் தந்த கோர்ட்டிசோன் குளிசையை இரத்தினம் விழுங்கலாம், களிம்பை எங்கள் காதுகளுக்கும் போடலாம். வேப்பிலை கதவிலேயே இருக்கும்.

"அம்மாள் இல்லையெண்டாலும் அவமரியாதை செய்யக்கூடாது" என்றாள்.

முகம் வீங்கியது இலைப் பாலால், தொற்றாது என்று டாக்டர் ஒரு கடிதமும் தந்தார்.

வியாழக்கிழமை இரத்தினத்தின் கண் ஒன்று பாதி திறந்திருந்தது. நானும் இன்னும் எட்டுப் பேரும் துணைக்குப் போனோம். காதெல்லாம் வெள்ளைக் களிம்பு. அவனை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சாத்தவில்லை, பேச்சுக் கேட்டது.

"மிஸ்யே, படத்தில் இருப்பவர் நீங்கள் இல்லையே" என்றார் மேசையில் இருந்த அதிகாரி அம்மா.

இரத்தினம் டாக்டர் கடிதத்தை நீட்டினான்.

"ஒருவருக்கு முகம் வீங்கியிருக்கிறது என்று இது சொல்கிறது. அந்த ஒருவர் இரத்தினம் என்பதற்கு முகம் எங்கே?"

மூன்று வருடம் படித்ததில் இந்தக் கேள்வி இல்லை. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். பின்னால் எட்டுப் பேரும் வந்தார்கள்.

"மதாம், இவர் இரத்தினம்தான். பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியும்" என்று என் பிரெஞ்சில் சொன்னேன்.

அந்த அம்மா என் காதைப் பார்த்தார். வாமதேவன் காதைப் பார்த்தார். ஒன்பது காதையும் பார்த்துவிட்டு இரத்தினத்தின் காதைப் பார்த்தார்.

"ஆ, குடும்பமா?"

"ஓம் மதாம். ஒரே குடும்பம்."

"அதுதானே. சாயல் அப்படியே இருக்கிறது" என்று எதையோ எழுதிக்கொண்டார். பிறகு ஆறுகளைக் கேட்டார். இரத்தினம் கொப்புள விரல்களால் காற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டு, ஒன்றும் தவறாமல் சொன்னான்.

மாசியில் அவன் பிரெஞ்சுக்காரன் ஆனான். அந்த மதிலைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் வில்வப் பெட்டி வந்தால், கோயிலுக்குக் கொடுக்க இரண்டு நாள் முன்பே ஓர் இலையோடு என் கடைக்கு வருவான்.

"முதல்லை நீங்கள் காதிலை வையுங்கோ அண்ணை."

வைப்பேன். இரண்டு நாள் கழித்து வந்து என் காதைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோவான். லாசப்பலில் இந்த முதல் மரியாதை வேறு ஒருவருக்கும் கிடையாது.