ஜன்னல் இல்லாத அறைக்கு இன்ஷூரன்ஸ்

கப்பலில் உல்லாசப் பயணம் போன யாரோ ஒருவருக்கு நடுக்கடலில் நெஞ்சுவலி வந்ததாம். ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய் ஏதோ ஒரு நாட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். இன்ஷூரன்ஸ் எடுக்காத மனுஷன். பில்லைக் கட்ட வீட்டையே விற்றார்களாம். பெரியத்தானுக்கு இதைச் சொன்னது, கண்ணாடிக் கடைக்கு ஃபிரேம் சரிபண்ண வந்த ஒரு அம்மாள். அந்த அம்மாளுக்குச் சொன்னது அவருக்கு முடி வெட்டுகிறவள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று பெரியத்தான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் பெரியக்காவிடம் சொல்லும்போது அது மாடி வீடாகியிருந்தது. மறுநாள் என்னிடம் வந்தபோது மாடி வீட்டோடு ஒரு காரும் போயிருந்தது.

"சின்னத்தான்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"அவன்கிட்ட எதுக்கு? அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

எனக்கு இரண்டு அக்காக்கள். இருவரும் கல்யாணமாகி இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே நானும் வந்தேன். பெரியக்கா வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுப்பவர். சின்னக்கா வீட்டுக்காரர் ஏசி மாட்டும் வேலைக்கு வந்து, இப்போது ஏசி மாட்ட ஆள் வைத்திருப்பவர். ஒருவரையொருவர் சகலை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எதிரில் 'நீங்க', முதுகுக்குப் பின்னால் 'அவன்'.

பெரியத்தானுடைய கையைப் பார்த்தால் பொறாமைக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு நிதானம். எள்ளைவிடச் சின்ன திருகாணியை விரல் நுனியில் ஒட்டியெடுத்து, குறட்டின் உதவியில்லாமல் அதன் துளைக்குள் இறக்குவார். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இறங்கும்வரை தவிப்பார். சில சமயம் தவிப்புத் தாங்காமல் கேட்டும்விடுவார். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். சூடு காட்டாமலே வளைத்து, ஊதித் துடைத்துத் திருப்பித் தருவார்.

அந்த நிதானமெல்லாம் சின்னத்தான் வீட்டு வாசலோடு சரி. உள்ளே போனதும் முதலில் சோபாவை உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார். திரைச்சீலையின் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பார். கதவிலேயே தண்ணீர் வரும் ஃபிரிட்ஜை அவர்கள் வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். தாகமெடுத்தால் டீ கேட்பார். "பச்சைத் தண்ணி எனக்கு ஒத்துக்கறதில்ல" என்பார். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நின்று மடமடவென்று குடிப்பார்.

மூத்த மாப்பிள்ளை அவர். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பின்னால் வந்த ஒருவர், அதுவும் வந்த புதிதில் இவர் கைபிடித்துத்தான் பஸ் ஏறப் பழகியவர், இன்று கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு "வாங்க சகலை, நான் இறக்கி விடறேன்" என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? நான் பெரியத்தானைக் குறை சொல்ல மாட்டேன்.

கப்பல் யோசனை அக்காக்களுடையது. சின்ன வயதிலிருந்தே இருவரும் சேர்ந்து எங்கேயாவது போக வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தவர்கள். சின்னத்தான்தான் நாலு பேருக்கும் டிக்கெட் போட்டார், நான் போகவில்லை. அவரவர் பங்கை அவரவர் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் பெரியத்தானுக்குச் சந்தோஷம்தான். கப்பலின் படத்தைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்தார். அப்புறம்தான் அறை விஷயம் தெரிந்தது. சின்னத்தான் அறைக்குக் கடலைப் பார்த்தபடி பால்கனி உண்டு. பெரியத்தானுக்குப் போட்ட அறை கப்பலின் வயிற்றுக்குள் இருந்தது.

"ஜன்னல்கூட இல்லையாமே சகலை?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்கதானே குறைஞ்சதா பாருங்கன்னீங்க. இருட்டா இருந்தா தூக்கம் நல்லா வரும் சகலை. கடலைப் பாக்கணும்னா எங்க பால்கனிக்கு வந்துடுங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரைச் சாப்பிடவிடாமல் செய்தது. மூன்று வேளையும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "கடலைப் பாக்க அவன் கதவைத் தட்டணுமாம், மாப்பிள்ளை. கடல் என்ன அவன் வாங்கிப் போட்டதா?"

இந்தக் கடுப்பில்தான் இன்ஷூரன்ஸே வேண்டாம் என்றார். "தண்ணியில மிதக்கறதுக்கு என்ன இன்ஷூரன்ஸ்? எனக்கு நீச்சல் தெரியும்." அந்த முடி வெட்டுகிறவளின் கதை வந்த பிறகுதான் குரல் இறங்கியது. அதற்குக் காரணம் இருந்தது. பெரியக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த காரணம்.

பெரியத்தானுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

இரண்டு வருஷம் முன்பு கடையில் மெஷின் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் பெரியக்காவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உன் தங்கச்சி வீட்டுக்குச் சொல்லாதே." புது மெஷினில் பயிற்சி எடுக்க வேறு ஊருக்குப் போயிருக்கிறார் என்று சின்னக்காவிடம் சொல்லிவைத்தோம். இளைத்துப்போய்த் திரும்பியவரைப் பார்த்து, "என்ன சகலை, ட்ரெய்னிங்ல சோறு போடலையா?" என்று சின்னத்தான் சிரித்தார். பெரியத்தானும் சிரித்தார். தினமும் காலையில் ஓடுகிற மனுஷன் சின்னத்தான். ஓடிவிட்டு வந்து வேர்வையோடு போட்டோ போடுவார். அவரிடம் போய் எப்படிச் சொல்வது?

"கார் வாங்கினான், தாங்கிக்கிட்டேன். வீடு வாங்கினான், அதையும் தாங்கிக்கிட்டேன்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "என்னைப் பாத்து 'பாவம்'னு சொல்லிட்டான்னா, அதைத் தாங்க முடியாது மாப்பிள்ளை."

அப்படியிருக்கும்போது குடும்ப வாட்ஸப்பில் சின்னத்தான் செய்தி போட்டார். தன் நண்பர் ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்றும், நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக எடுத்துவிடலாம் என்றும் எழுதியிருந்தார். "யாருக்கு என்ன வியாதி, என்ன மாத்திரைன்னு இங்கயே போட்டுடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல. நான் குதிரை."

சின்னக்கா தைராய்டு மாத்திரையைச் சொல்லிவிட்டு, "குதிரைக்கு வாய் மட்டும் அதிகம்" என்று சேர்த்திருந்தாள். பெரியக்கா தன் முழங்கால் வலியை எழுதினாள். அப்புறம் பெரியத்தானின் பதில் வந்தது. "எனக்கும் ஒன்றுமில்லை. கண்ணாடிகூடப் போடுவதில்லை."

நான் எதற்கும் பயப்படுகிறவன்தான். வந்த நாட்டில் எந்தத் தாளைப் பார்த்தாலும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் விட மாட்டேன். தமிழோடு இந்த ஊர் மொழியும் படித்தவன் என்பதால் வீட்டுக்கு வரும் தாள்களெல்லாம் என்னிடம்தான் வரும். அந்த ஏஜென்ட் அனுப்பியதையும் உட்கார்ந்து படித்தேன். மதியம் கடைக்குப் போனேன். பெரியத்தான் லென்ஸை மெஷினில் பூட்டிவிட்டுத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏற்கெனவே இருக்கிற வியாதியை மறைச்சா, அதனால வர்ற செலவு எதையும் தர மாட்டாங்க அத்தான். ஹெலிகாப்டரும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது."

"அப்ப கப்பல் கம்பெனியே ஒண்ணு விக்கறானே? டிக்கெட்டோட ஒரு கட்டம் இருக்கு. தட்டினா முடிஞ்சது. அவன் வியாதியே கேக்கலை."

"கேக்க மாட்டான், ஏன்னா பழைய வியாதி எதுக்கும் அவன் தரப்போறதே இல்ல. கீழ போட்டிருக்கான். பயணத்தை நாமளே ரத்து பண்ணினா அதுக்கும் காசா வராதாம், அடுத்த தடவை அதே கப்பல்ல போறதுக்குச் சீட்டுத் தருவானாம்."

"அடுத்த தடவையும் ஜன்னல் இல்லாமலா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது வழி ஒன்று இருந்தது. வெளியே தனிக் கம்பெனிகள் இருக்கின்றன. போனில் கூப்பிட்டு என்ன வியாதி, என்ன மாத்திரை, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டு, கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு, ஸ்டென்ட்டையும் சேர்த்து எழுதித் தருவார்கள். அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"அதை எடுத்துடு. யாருக்கும் தெரிய வேண்டாம். அவன் பாலிசி அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஆக, ஒரே ஆளுக்கு இரண்டு பாலிசி. ஒன்றில் நோயாளி, இன்னொன்றில் குதிரைக்குச் சகலை. எனக்கும் அது சரியென்றே பட்டது. பிறகு பெரியக்கா கேட்ட கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

அந்தக் கேள்விக்கு முன்னால் சின்னத்தான் கடைக்கு வந்துவிட்டுப் போனார். பயணத்துக்குக் கூலிங் கிளாஸ் வேண்டுமாம். பெரியத்தான் நல்ல ஃபிரேமாக எடுத்துக் காட்டினார். காதுக்குப் பின்னால் விரல் வைத்து அழுத்தம் பார்த்தார். முகத்துக்கு முகம் அவ்வளவு பக்கத்தில் நின்றும் ஸ்டென்ட் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. சின்னத்தான்தான் கடைப் பெண் நகரும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சகலை, இதுலயே கீழ் பாதியில படிக்கிற பவர் வைக்க முடியுமா? வெளிய தெரியாத மாதிரி."

"எதுக்கு சகலை?"

"மெனு கார்டு வாசிக்க. கொஞ்ச நாளா எழுத்து மங்குது. உங்க மச்சினிக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க, கிழவன்னு ஓட்டுவா."

பெரியத்தான் பரிசோதித்துப் பார்த்தார். வெள்ளெழுத்து நன்றாகவே விழுந்திருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவரின் நடையே வேறு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"குதிரைக்குக் கண்ணு தெரியலடி. பொடி எழுத்து எதுவும் தெரியலை. இத்தனை நாளா படிக்கிற மாதிரி நடிச்சிருக்கான். மெனு கார்டைப் பாத்து தலையாட்டிட்டு, உன் தங்கச்சி என்ன சொல்றாளோ அதையே எனக்கும்னு சொல்லியிருக்கான்."

இத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. ஃபிரிட்ஜ், கார், பால்கனி எல்லாவற்றுக்கும் சேர்த்து வட்டியோடு கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு. பெரியக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அப்ப அந்த பாலிசியை அவர் படிக்கலையா?"

"எப்படிப் படிப்பான்? அது எறும்பு சைஸ்ல இல்ல இருக்கு. தம்பி படிச்சான், அவ்வளவுதான்."

"சரி. நடுக்கடல்ல நீங்க விழுந்து கிடக்கறீங்க. டாக்டர் வர்றாரு. யார் பேசுவா?"

"நீ பேசு."

"நானா? போன தடவை ஆஸ்பத்திரியில என் பேரைக் கேட்டதுக்கே அழுதேன். பால்கனி ரூம்ல இருந்து அவர்தான் ஓடி வருவார். 'இவருக்கு ஒண்ணுமே கிடையாது டாக்டர், கண்ணாடிகூடப் போடறதில்ல'ன்னு சொல்லுவார். நீங்க எழுதினதைத்தானே சொல்லுவார்? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்கன்னு தெரியாம அவங்க ஏதாவது ஊசி போட்டுட்டா? தம்பி எடுத்துத் தர்ற ரகசியப் பாலிசி பெட்டிக்குள்ள மடிச்சு இருக்கும். அதை யாரு போய் எடுக்கறது?"

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பெரியத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அத்தனை வரியையும் படித்த எனக்கு இது தோன்றவில்லையே.

"நான் போகலைன்னு சொல்லிடறேன்," என்றார்.

"சொல்லுங்க. ஏன்னு கேப்பா என் தங்கச்சி. அதுக்கும் நான்தான் பொய் சொல்லணும். எத்தனை நாளா அவளோட போகணும்னு இருக்கேன் தெரியுமா?" அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் வெங்காயத்தால் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "அவருக்குக் கண்ணு தெரியலைன்னு உங்ககிட்டதான் வந்து சொன்னாரு. என்கிட்ட சொல்லலை, அவகிட்டயும் சொல்லலை."

பெரியத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து, துடைக்க எதுவுமில்லாமல் விரல்களையே துடைத்துக்கொண்டார்.

"வியாதி லிஸ்ட்டை இன்னிக்கு முடிச்சுடுவானா அந்த ஏஜென்ட்?"

"ராத்திரிக்குள்ள அனுப்பணும்னு சொல்லியிருக்கார்," என்றேன்.

"பாவம்னு சொல்லுவான் மாப்பிள்ளை."

"சொன்னா சொல்லிட்டுப் போறார் அத்தான்."

"உனக்கென்ன. நீ சகலையில்ல." துணியை மடித்துப் பையில் வைத்தார். "அவன் கண்ணு விஷயத்தை நான் வெளிய விட மாட்டேன்னு முதல்ல சொல்லிடறேன். அப்புறம் என்னுதைச் சொல்றேன். அப்பத்தான் கணக்கு சரியா இருக்கும்."

"எப்படியோ சொல்லுங்க," என்றாள் பெரியக்கா.

போனை எடுத்து, பேரைத் தேடி, அழுத்தி, மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மணி அடிக்க ஆரம்பித்தது. பெரியக்கா அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். பெரியத்தான் நெஞ்சின் இடப்பக்கத்தைத் தன்னையறியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

"எடுக்க மாட்டான்," என்றார். "கண்ணாடி இல்லாம திரையில என் பேரு தெரியாது அவனுக்கு."

சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிடுவாரோ என்று பார்த்தேன். கை போன் பக்கம் போனது. அணைக்கவில்லை. சாய்ந்திருந்த போனை மேஜை ஓரத்துக்கு நேராக நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.