கருவாட்டுக்கு எதற்கு லொகின்?

இன்று நாயாற்றில், கருவாடு போடும் பெண்களின் சங்கத்தில் கூட்டம். அவர்களுடைய இணையத்தளத்தை எந்த ஹோஸ்டிங்கில் வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். தளத்தைச் செய்தவள் என்பதால் மல்லாவி என்ற சிற்றூரிலிருந்து நான் போயிருந்தேன். சாதாரணப் பக்கங்களை மட்டும் வைக்கும் எளிய ஹோஸ்டிங் போதும் என்று சொன்னேன். கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகரும் வந்திருந்தார்.

"தங்கச்சி, நீங்கள் சொல்லுற இடத்தில வெறும் பக்கம்தான் போடலாம். வளர வேணுமெண்டா போனுக்கு அப் வேணும், சேர்வர் வேணும், வாங்கிற ஆக்களுக்கு லொகின் வேணும்," என்றார்.

"கருவாடு வாங்க எதுக்கு அண்ணை லொகின்?"

"மல்லாவியில இருந்து யோசிச்சா அப்பிடித்தான் தெரியும்," என்று சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது.

சங்க வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அன்றைக்கு என்ன கருவாடு இருக்கிறதென்று தலைவி அக்கா காலையில் எழுதுவார். கீழே அவருடைய தொலைபேசி எண். வேண்டியவர்கள் அழைப்பார்கள். பலகையை அவர் படமெடுத்து அனுப்பினால் நான் தளத்தில் மாற்றிவிடுவேன். வங்கிக்கு சேர்வர் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். பாரைக் கருவாட்டுக்கு வேண்டாம்.

"அக்கா, உங்கட போனில என்ர பக்கத்தையும் இவற்ற மாதிரி அப்பையும் திறந்து பாருங்கோ," என்றேன்.

என் பக்கம் உடனே வந்தது. ஆலோசகரின் மாதிரி அப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இஞ்ச சிக்னல் சரியில்லை," என்றார் அவர்.

"ஓம் தம்பி. நாங்கள் இஞ்சதான் இருக்கிறம்," என்றார் அக்கா.

கூட்டம் அத்தோடு முடிந்தது. தளம் நான் சொன்ன இடத்திலேயே.

சேர்வர்தான் வேண்டும் என்று வாதாட விரும்புகிறவர்கள் தாராளமாக வாருங்கள். ஆனால் நாயாற்றில் நின்றுகொண்டு இந்தப் பதிவின் கீழ் கருத்துப் போடுங்கள்.