டெய்லரம்மாவின் குண்டூசிகள்

“இடது கையைக் கொஞ்சம் தூக்குங்கள். வலிக்கிறதா?” என்று ஜப்பானிய மொழியில் பணிவாகக் கேட்டபடி, டெய்லரம்மா தோள்பட்டையில் ஒரு குண்டூசியைச் செருகுகிறார். பதில் வராது. அவர் விசாரிப்பது கடையில் நிற்கும் துணிப் பொம்மையை. அதற்குக் கையும் கிடையாது, தலையும் கிடையாது.

காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இப்படித்தான். கத்தரியை எடுத்தால், எடுப்பதாக ஓர் அறிவிப்பு. நூல் அறுந்தால் அதற்கொரு புலம்பல். எல்லாம் ஜப்பானிய மொழியில், சத்தமாக. முப்பது வருஷம் உதட்டில் ஐந்தாறு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே தைத்தவர் இவர். யார் எது கேட்டாலும் “ம்” என்பதோடு சரி. இரண்டு வருஷத்துக்கு முன் பேச்சுப் பயிற்சியில் சேர்ந்த அன்று, குண்டூசிகள் மணிக்கட்டில் கட்டிய பஞ்சுப் பொட்டலத்துக்குக் குடிபெயர்ந்தன. வாயைத் திறந்தாக வேண்டுமே!

தினமும் எட்டு மணிக்கு நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசியில் வாத்தியார் தோன்றுவார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஜப்பானியர். நம் பாஷையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லை. டெய்லரம்மா தடுமாறினால் உதவிக்கு வரமாட்டார், கடைசி ஆள் ஏறும்வரை பஸ்ஸை நிறுத்தி வைப்பவர் மாதிரி காத்திருப்பார். பிறகு “சொரேகரா?” என்பார். ‘அப்புறம்?’ என்று பொருள். அந்த ஒரு சொல்லை வைத்தே மனிதர் வகுப்பை ஓட்டிவிடுவார். இப்போது, “கை லூசா இருக்குக்கா” என்று வந்து நிற்கும் பெண்ணிடம் டெய்லரம்மாவும் “சொரேகரா?” என்கிறார். அவள் திருதிருவென்று விழிக்கிறாள்.

பெயின்டரான கணவர் ஏணியிலிருந்து விழுந்து, மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டியபடி கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். “தண்ணி குடுன்னா இவ காதுல விழாது. ‘மிஸு’ன்னு சொன்னாத்தான் டம்ளர் நகரும். இந்த வயசுல எனக்கு இது தேவையா, சொல்லுங்க?” என்று வருவோர் போவோரிடமெல்லாம் முறையிடுகிறார்.

எல்லாம் மகளுக்காக. ஜப்பானிய மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவன் ஊரிலேயே இருக்கிறாள். எப்போது கேட்டாலும் “நல்லா இருக்கேம்மா.” இரண்டு வருஷத்துக்கு முன் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்ததை மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னாள். “வயித்துல தையல் போட்டு, அதப் பிரிச்சு, அதுக்கப்புறம் சொல்றா. தையக்காரி பெத்த பொண்ணு!” என்று டெய்லரம்மா இன்றைக்கும் பொருமுகிறார்.

மருமகன் தங்கம்தான். ஆனால் மனைவி சொன்னதைத்தான் அவனும் சொல்வான். மிச்சம் இருப்பவர் சம்பந்தியம்மா. “கல்யாணத்துல மூணு நாள் அந்தம்மாவும் நானும் ஒருத்தரையொருத்தர் பாத்துச் சிரிச்சோம். தாடை வலிச்சதுதான் மிச்சம்.” ஆனால் ஒன்று மறக்கவில்லை. டெய்லரம்மா தன் கையால் தைத்த மணப்பெண் உடையை ஊரே பாராட்டியபோது, சம்பந்தியம்மா மட்டும் குனிந்து, கீழ் மடிப்பு விரலளவு கோணியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாராம். “அன்னைக்கு எரிச்சலா வந்துச்சு. யோசிச்சா, அங்க பொய் சொல்லாத ஆளு அவங்க ஒருத்தர்தான்.” அவரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு.

மகள் பிள்ளையுண்டாகி, எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறியதால் அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாவுக்கட்டை விட்டுவிட்டு டெய்லரம்மா கிளம்ப முடியவில்லை. அன்றுமுதல் வாத்தியாருக்குச் சம்பந்தியம்மா வேஷம். “கெட்டதையே சொல்லுங்க” என்று கட்டளை. அந்த நல்ல மனிதர் நெளிந்துகொண்டே அழுத்தம் இறங்கவில்லை என்பார், ரத்தம் போகிறது என்பார். ஒவ்வொன்றுக்கும் அடுத்து என்ன கேட்பது என்று துணி வெட்டும் மேசைமேல் சாக்பீஸால் எழுதிவைத்தார் டெய்லரம்மா.

போன புதன்கிழமை காலை, பிரசவ அறைக்குள் போய்விட்டாள் என்று மருமகனிடமிருந்து செய்தி வந்தது. நாலு மணி நேரம் கழித்து இன்னொன்று: குழந்தை பிறந்தது, எல்லோரும் நலம்.

“நலமாம்! எத்தன தடவ கேட்ட பாட்டு இது” என்று டெய்லரம்மா சம்பந்தியம்மாவின் எண்ணை அழுத்தினார். கணவர் எட்டி மின்விசிறியை நிறுத்தினார்.

மேசையைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார். அழுத்தம்? இறங்கிவிட்டது. கத்தி வைத்தார்களா? இல்லை. ரத்தம் அதிகம் போனதா? இல்லை. மகள் இரண்டு கிண்ணம் சூப் குடித்துவிட்டுக் குறட்டை விடுகிறாள். பெண் குழந்தை, நல்ல எடை. காதுகள் மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கின்றன, என் பிள்ளையின் காது, என்றார் சம்பந்தியம்மா.

அந்தக் காதுகளைப் பற்றிக் கேட்டதும்தான் டெய்லரம்மாவுக்கு மற்றதெல்லாம் நிஜமாயிற்று. மெஷின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

இப்போது ஏதாவது சொல்ல வேண்டும். மேசை முழுக்கத் தேடினார். நல்ல சேதி வந்தால் என்ன சொல்வது என்று ஒரு வரி இல்லை. அதைப் பழகவே இல்லை! கடைசியில், வகுப்பு முடியும்போதெல்லாம் வாத்தியார் சொல்வதுதான் வாயில் வந்தது. “ஒட்ஸுகரேசமா தெஷ்தா.” வேலை முடித்துக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்வது, ரொம்ப உழைத்தீர்கள், களைத்திருப்பீர்கள் என்று.

விடிந்ததிலிருந்து மருத்துவமனை நாற்காலியில் இருந்த சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னார்.

“என்னாச்சு? தமிழ்ல சொல்லித் தொலையேன்!” என்றார் கணவர்.

“பொண்ணு. காது மட்டும் பெரிசாம்.”

கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்ப நாளைக்கு கிளாஸ் லீவா?”

டெய்லரம்மா உள்ளங்கையால் மேசையிலிருந்த சாக்பீஸ் எழுத்தை அழித்தார். “லீவாவது! நாளைக்குப் பூரா நல்ல சேதிதான் பழகணும்.”

அன்றைய பேச்சு முடிந்தது. மணிக்கட்டுப் பொட்டலத்திலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி, இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல்தடவையாக உதட்டில் கவ்விக்கொண்டு, பொம்மையின் பக்கம் திரும்பினார்.