இரும்பு இறங்கிய வருஷம்

எங்கள் தெருவில் யாருக்கு நோய் வந்தாலும் முதல் வைத்தியம் தெருவுடையது. டாக்டர் இரண்டாவதுதான். “மதுரையில காட்டுனோம், அவியளுக்கு ரத்தம் ஊற மாட்டேங்குதாம்” என்று என் வீட்டுக்காரரைப் பற்றி அடுத்த வீட்டில் ஒரு வார்த்தை சொன்னேன். பொழுது சாய்வதற்குள் என் அடுப்படியில் முருங்கைக்கீரை கட்டுக்கட்டாகக் கிடந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோவில்பட்டியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அசலூர்க்காரர்கள் உள்ளே வந்து மேசை நாற்காலியைத் தேடுவார்கள். ஆபீஸை என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொண்டார். ஓயாமல் கேலி பேசுகிற மனிதர். ஒரு நாள் மாடிப்படி ஏறப்போனவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது, உதடு வெளுத்திருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் உண்டாகிற இடமே பழுதாகிவிட்டதாம். அவ்வப்போது வெளியிலிருந்து ரத்தம் ஏற்றிக்கொண்டால் நடமாடலாம் என்றார்கள். ஏற்றினோம். ஏற்றிய மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போவார். அடுத்து ஏற்றவேண்டிய கெடு நெருங்க நெருங்கச் சுருண்டு படுத்துவிடுவார். இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது.

எங்கள் பக்கம் ரத்தம் கம்மி என்றால் இரும்புச்சத்து கம்மி என்றுதான் அர்த்தம். வேறொரு அர்த்தம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, தெருவுக்கும் தோன்றவில்லை, சிவப்பு டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக எடுத்துக் கொடுத்த மருந்துக்கடைக்காரருக்கும் தோன்றவில்லை. எதிர்வீட்டிலிருந்து பேரீச்சம்பழம் வந்தது. கோடிவீட்டிலிருந்து எள்ளுருண்டை வந்தது. பசுவந்தனைப் பக்கம் ஆடு வளர்க்கிற குடும்பத்துப் பெண் ஒருத்தி எங்கள் ஆபீஸில் வேலை பார்த்தாள். அவள் திங்கட்கிழமைதோறும் தூக்குவாளியில் சுவரொட்டி கொண்டுவருவாள். ஆட்டு மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்வோம்.

“எக்கா, இதச் சுட்டு மிளகுப்பொடி தூவி அண்ணாச்சிக்குக் குடுங்க. எங்க வீட்டுல பிள்ள பெத்தவளுக்கெல்லாம் இதான். ரத்தம் குபுகுபுன்னு ஊறும்” என்பாள்.

நானும் இரும்புச் சட்டியைத் தேடிப்பிடித்து அதில்தான் குழம்பே வைத்தேன். டீ குடித்தால் ரத்தம் முறிந்துபோகும் என்று யாரோ சொன்னதால் அவருடைய டீயை ஒரேயடியாக நிறுத்தினேன். அவர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். நான் மசியவில்லை. இத்தனைக்கும் நடுவில் அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. நல்ல மாநிறம் அவர். சாம்பலும் செம்பும் கலந்தாற்போல ஒரு நிறம் கழுத்து வரைக்கும் இறங்கியது. கரிசல் காட்டு வெயில் யாரை விட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

மதுரையில் அப்போது புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும், “இந்த நிறம் எப்பலருந்து?” என்று கேட்டார். அடுத்து, “வீட்ல என்ன சாப்பாடு குடுக்குறீங்க?” என்றார். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த சந்தோஷத்தில் கீரையில் ஆரம்பித்து டானிக், சுவரொட்டி என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். உடம்பில் எவ்வளவு இரும்பு சேர்ந்து கிடக்கிறது என்று பார்க்கிற சோதனையாம். முடிவு வந்தது. இருக்கவேண்டியதைப் போலப் பல மடங்கு.

“இவருக்கு இரும்பு குறைச்சலே இல்லம்மா. ஏத்துற ஒவ்வொரு பை ரத்தத்துலயும் இரும்பு உள்ள போகுது. ரத்தம் தேஞ்சு அழிஞ்சிரும், இரும்பு அழியாது. அத வெளிய தள்ளுறதுக்கு உடம்புல வழியும் கிடையாது. ஈரல்லயும் இதயத்துலயும் போய்ப் படிஞ்சிரும். அதுக்கு மேல நீங்க வேற டானிக் ஊத்தியிருக்கீங்க.”

லாரித் தண்ணீரை நம்பிக் குடும்பம் நடத்தியவள் நான். தொட்டித் தண்ணீர் செலவழிந்துபோகும், அடியில் வண்டல் மட்டும் ஒவ்வொரு லாரிக்கும் கொஞ்சம் ஏறிக்கொண்டே வரும். அதனால் சட்டென்று விளங்கிவிட்டது. 

“அப்ப இவிய பிழைக்கதுக்கு என்ன செய்யணும்?” என்று கேட்டேன்.

“ரத்தம் ஏத்துறத நிறுத்த முடியாது. மருந்து போட்டு இரும்ப இறக்கிப் பார்ப்போம். இறங்கினா ஆயுசு கூடும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இரும்பு ஏறிக்கிட்டே போனவங்களுக்கு இதயம் சீக்கிரம் தளர்ந்துருது. அத நான் பார்த்திருக்கேன்.”

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவர் டாக்டரம்மாவிடம் குனிந்து, “டீ குடிக்கலாமாம்மா?” என்றார்.

“சாப்பாட்டோட தாராளமாக் குடிங்க. டீ குடிச்சா சாப்பாட்டுல உள்ள இரும்பு உடம்புல அவ்வளவாச் சேராது.”

வழக்கில் ஜெயித்தவர் மாதிரி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். மதுரை பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு டீ குடித்த பிறகுதான் பஸ்ஸே ஏறினார்.

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் டானிக்கைச் சாக்கடையில் கவிழ்த்தேன். வாசலில் நின்று, “இனிமே கீரை, பேரீச்சம்பழம்னு யாரும் இந்தப் படி ஏறாதீங்க! அவியளுக்கு இரும்பு கூடிப்போச்சு!” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சுவரொட்டிக்காரி மட்டும் நேரே வந்தே கேட்டுவிட்டாள்.

“ரத்தம் இல்லாத மனுசருக்கு இரும்பு கூடிப்போச்சா? எந்தூரு டாக்டரு அது, எக்கா?”

இரும்பை இறக்க டாக்டரம்மா கொடுத்தது, கரைத்துச் செலுத்துகிற ஊசி மருந்து. உள்ளங்கை அளவில் பேட்டரி போட்ட ஒரு சின்ன மெஷின் வந்தது. அதில் மருந்துக் குழலை வைத்து, மெல்லிய ஊசியை வயிற்றுத் தோலுக்கு அடியில் குத்திவிட வேண்டும். காலையில் குத்தினால் சாயங்காலம் வரை சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கும். குத்துகிற வேலை என்னுடையது. முதல் நாள் ஊசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

“ஏட்டி, தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுத மாதிரி நெனச்சுக்கோ. யோசிக்காம டக்குன்னு ஒட்டு” என்றார்.

கண்ணை மூடிக்கொள்ள முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினேன். மெஷினை உறையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் செல்போன் ஒன்றிரண்டாக எங்கள் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தது. இடுப்பில் உறையைப் பார்த்தவர்களுக்கு அது போதாதா? “அண்ணாச்சி செல்போன் வாங்கிட்டாவளாம்ல!” என்று மார்க்கெட் வரைக்கும் பேச்சு. மெழுகு வியாபாரி ஒருவர் நம்பர் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இதுல இன்கமிங் கிடையாது அண்ணாச்சி, அவுட்கோயிங் மட்டும்தான்” என்றார் இவர். “உள்ள இருக்கத வெளிய அனுப்பும்.”

வியாபாரி தலையை ஆட்டிக்கொண்டு போனார். நான் அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்த சிரிப்பு.

மறுநாள் காலை கொல்லைப்புறத்திலிருந்து வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேலியெல்லாம் முகத்தை விட்டுப் போயிருந்தது.

“ஏட்டி, ஒண்ணுக்கு ரத்தமாப் போகுது.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். துருப்பிடித்த குழாயில் முதலில் வருமே, அந்த நிறத்தில் சிவந்து கிடந்தது. இப்படிப் போனால் பயப்படாதீர்கள், மருந்து இரும்பைப் பிடித்து வெளியே கொண்டுவருகிறது என்று அர்த்தம் என டாக்டரம்மா என்னிடம்தான் சொல்லியிருந்தார். இவர் டீ குடிக்கிற அவசரத்தில் அதைக் கேட்கவில்லை.

“ரத்தம் இல்லங்க! இரும்பு! இரும்பு போகுது!” என்று கத்தினேன். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு. அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டி, “என்னக்கா ஆச்சு?” என்றாள்.

“அவியளுக்குச் சிவப்பாப் போகுதுட்டி!”

இதைப்போய்க் கத்திச் சொல்லலாமா என்று நிதானிக்கிற நிலையில் நான் இல்லை. அவருக்குத்தான் மானம் போயிற்று. அன்று முதல் வாசல் தெளிக்கும்போதே தெருப் பெண்கள் என்னிடம், “இன்னைக்கு என்ன கலர்க்கா?” என்று விசாரிப்பார்கள். நல்ல சிவப்பு என்றால் எல்லோருக்கும் முகம் மலரும். வெளுத்திருக்கிறது என்றால் சப்பென்று போய்விடும். அத்தனை இரும்பையும் ஊட்டி வளர்த்த தெருவல்லவா, அது வெளியேறுவதைக் காணவும் தவம் கிடந்தது.

சில மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது இரும்பு பேருக்குத்தான் குறைந்திருந்தது. ஒரு பக்கம் மருந்து இறக்க, மறுபக்கம் ஏற்றுகிற ரத்தம் கூட்டிக்கொண்டிருந்தது. ஊசி குத்திய இடமெல்லாம் கட்டிகட்டியாக வீங்கியிருந்தது. “போதும்ட்டி, விட்டுரு” என்றார். அன்றைக்கு அவரை நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. நான் ஏசி முடித்ததும், அடுத்த ஊசிக்குச் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

அடுத்த சோதனையில் நன்றாக இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியது. இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தளர்ச்சி எதுவும் இல்லை என்றார்கள். முகத்தில் பழைய மாநிறம் மெல்லத் திரும்பியது. ஆஸ்பத்திரி நடையில் எனக்கு ஓடவேண்டும் போலிருந்தது.

பிறகு ஒன்று நடந்தது. ரத்தம் ஏற்றவேண்டிய கெடு வந்துவிட்டது, இவர் சுருண்டு படுக்கவில்லை. கண் பட்டுவிடும் என்று நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மதுரைக்குப் போனோம். ரத்த அளவு போதும், இப்போது ஏற்ற வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறையும் வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்த முறையும் அப்படியே.

“இரும்பு இறங்கினதும் சிலருக்கு மஜ்ஜை கொஞ்சம் முழிச்சுக்கும். எல்லாருக்கும் நடக்காது. இவருக்கு எவ்வளவு நாள் நீடிக்கும்னும் தெரியாது” என்றார் டாக்டரம்மா. அதில் முதல் வாக்கியத்தை மட்டும்தான் நான் பிடித்துக்கொண்டேன். கடைசியாக ஏற்றிய ரத்தம் இதற்குள் உடம்பில் முழுசாகத் தேய்ந்து போயிருக்கும் என்றும் சொன்னார். அதை இவர் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

சோதனைக்கு ரத்தம் எடுக்கிற அறையில் சின்னப்பெண் ஒருத்தி இவர் கையில் ஊசியைப் போட்டு, கண்ணாடிக் குப்பியில் ரத்தத்தை நிரப்பினாள். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இது யாரு ரத்தம்?”

அந்தப் பெண் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். “உங்க ரத்தம்தான் சார்.”

இவர் என் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் நிறைந்திருந்தது.

“என் ரத்தமாம்ட்டி” என்றார்.